தனியாகத் தாங்க வேண்டாம்

பிள்ளைகளே, பள்ளிக்கூடங்களில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் காலத்தில் ஒரு பையன் ஓட்டத்தில் தோற்றால் பயிற்சி போதவில்லை என்பார்கள், இல்லையென்றால் சத்தான சாப்பாடு இல்லை என்பார்கள். இரண்டும் இருந்தும் தோற்றவனுக்குப் பயந்தாங்கொள்ளி என்று ஒரு பட்டம் கொடுத்து, பேச்சை அதோடு முடித்துக்கொள்வார்கள். அந்தப் பட்டத்தைச் சுமந்துகொண்டு மைதானத்தை விட்டே போன பிள்ளைகள் எத்தனை பேர் என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அப்படிப் போயிருக்க வேண்டிய ஒருவன் எனக்கு நன்றாக நினைவிருக்கிறான். 400 மீட்டர் ஓடுவான். எங்கள் மைதானத்தில் அவனைப் பிடிக்க ஆளில்லை. மாவட்டப் போட்டி என்றால் மட்டும் வேறு ஆளாகிவிடுவான். ஹீட்ஸுக்குப் பெயர் கூப்பிடும் முன் ஸ்பைக்ஸின் கயிற்றை அவிழ்ப்பான், கட்டுவான், மறுபடி அவிழ்ப்பான். காலையில் தின்ற இட்லி பந்தலுக்குப் பின்னால் வெளியே வந்துவிடும். வீட்டார் மந்திரித்த கயிறு கட்டிவிட்டிருந்தார்கள். அதில் தவறில்லை; ஆனால் அவனுக்கு என்ன நடக்கிறது என்று அதுவரை யாரும் சொல்லவில்லை.

அவனை வேப்பமரத்தடியில் உட்காரவைத்துச் சொன்னேன்: "டேய், நெஞ்சு படபடக்கிறது நோயில்லை. ஓடப்போகிறாய் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது. இரத்தத்தைக் காலுக்கு அனுப்புகிறது. வயிற்றுக்குக் குறைகிறது, அதனால்தான் குமட்டுகிறது. உடம்பு உனக்காகத்தான் வேலை செய்கிறது." பிறகு மூச்சைச் சாதாரணமாக இழுத்து, விடும்போது மட்டும் மெதுவாக, நீளமாக விடப் பழக்கினேன். விடும் மூச்சு நீண்டால் இதயத்துடிப்பு தணியும். இது மூச்சுப்பயிற்சி செய்கிற எவருக்கும் தெரிந்த சங்கதி. ஸ்பைக்ஸின் கயிற்றை ஒரே ஒரு முறை கட்ட வேண்டும், கட்டியதும் முதல் வளைவைப் பார்க்க வேண்டும், வேறெங்கும் பார்க்கக் கூடாது என்று ஒரு ஒழுங்கும் வைத்தோம். இதையெல்லாம் போட்டியன்று புதிதாகச் செய்தால் பலிக்காது. மாதக்கணக்கில் ஒவ்வொரு பயிற்சிக்கும் முன் செய்தான்.

அடுத்த போட்டியில் அவன் முதலிடம் பெற்றான் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். மூன்றாவதாகத்தான் வந்தான். ஆனால் குமட்டலோடு நின்று, குமட்டலோடு ஓடி, கோட்டைத் தாண்டினான். பயம் போன பிறகு ஓடலாம் என்று காத்திருப்பவன் கடைசிவரை காத்திருப்பான். பயத்தைக் கூட்டிக்கொண்டு ஓடத் தெரிந்தவனே ஓட்டக்காரன்.

நம் ஊர்க் கபடிக்காரர்கள் பாடிப் போகும் முன் மண்ணைத் தொட்டு நெற்றியில் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பக்தி என்று மட்டும் நினைக்காதீர்கள். கூட்டத்தின் கூச்சலுக்கு நடுவே மனத்துக்கு நிற்க ஓர் இடம் கிடைக்கிறது. இன்றைய விளையாட்டு உளவியலாளர்கள் சொல்லிக்கொடுப்பதில் ஒரு பங்கு, நம் தாத்தாக்கள் பெயர் வைக்காமல் செய்துவந்ததுதான்.

இப்போது பெரிய அரங்குக்கு வருவோம். 2024 நவம்பரில் சிங்கப்பூரில் உலகச் சதுரங்கப் பட்டத்துக்கான போட்டி தொடங்கியது. நம் சென்னைப் பையன் குகேஷுக்கு வயது 18. எதிரே நடப்பு சாம்பியன் டிங் லிரன். முதல் ஆட்டத்திலேயே, அதுவும் வெள்ளைக் காயில், குகேஷ் தோற்றார். அன்று விடுதிக்குத் திரும்பியபோது லிஃப்டில் விஸ்வநாதன் ஆனந்தைச் சந்தித்ததாகக் குகேஷ் பின்னர் சொன்னார். ஆனந்த் உபதேசம் எதுவும் செய்யவில்லை. எனக்குப் பதினோரு ஆட்டங்கள்தான் மிச்சமிருந்தன, உனக்குப் பதின்மூன்று இருக்கின்றன என்று மட்டும் நினைவூட்டினார். 2010இல் சோபியாவில் தொபலோவிடம் முதல் ஆட்டத்தைத் தோற்று, பன்னிரண்டாவது ஆட்டத்தில் பட்டத்தைக் காப்பாற்றியவர் ஆனந்த். அந்த ஒரு வாக்கியத்தின் பின்னால் அத்தனை இரவுகள் இருந்தன. மூன்றாவது ஆட்டத்தில் குகேஷ் சமன் செய்தார்; டிசம்பர் 12ஆம் தேதி பட்டம் வென்றார்.

அந்தப் பையனுக்குப் பின்னால் பேடி அப்டன் என்ற மனப்பயிற்சியாளரும் இருந்தார். 2011 உலகக் கோப்பையை வென்ற இந்தியக் கிரிக்கெட் அணியோடு இருந்த அதே தென்னாப்பிரிக்கர். பதினெட்டு வயதில் உலகத்தை வென்றவனே துணை வைத்துக்கொண்டான் என்றால், மாவட்ட அளவில் ஆடும் உனக்கு மட்டும் என்ன வெட்கம்?

தாங்கிக்கொள்வது நல்ல குணம். அதை வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொடுத்தவன் நான். இன்றும் மாற்றிச் சொல்லமாட்டேன். ஆனால் வாயை மூடிக்கொள்வதற்குத் தாங்குவது என்று பெயர் வைக்காதீர்கள். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ், 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அணிப் போட்டியின் நடுவே விலகினார். அந்தரத்தில் சுழலும்போது தன் உடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்ற உணர்வே அவருக்கு அறுந்துபோயிருந்தது. அந்த நிலையில் தொடர்ந்திருந்தால் கழுத்து முறிந்திருக்கலாம். கோழை என்று ஏசியவர்கள் உண்டு. அவர் மனநல ஆலோசகரின் துணையோடு மெல்ல மீண்டார். 2024இல் பாரிஸில் போட்டி நாள் காலையிலும் ஆலோசகரிடம் பேசிவிட்டே களத்துக்கு வந்ததாக அவரே சொன்னார். மூன்று தங்கம், ஒரு வெள்ளியோடு ஊர் திரும்பினார். நிறுத்தத் தெரிந்ததால்தான் அவரால் நீடிக்க முடிந்தது.

துணை கிடைக்காதவர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 தோகா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனையின் பேரில் அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. பரிசோதிக்க மருத்துவர்கள் இருந்தார்கள். அதன் பிறகு அந்தப் பெண்ணின் மனம் என்ன பாடுபடும் என்பதை எந்த விதியும் யோசிக்கவில்லை. செங்கல் சூளையில் கூலிக்குப் போகும் நிலை வந்தது. பிறகு பயிற்சியாளர் படிப்பை முடித்துப் பிள்ளைகளுக்கு ஓட்டம் கற்றுக்கொடுக்க வந்தாரே, அது அவருடைய பெருமை. அவரை அந்தப் பள்ளத்தில் விட்டது நம்முடைய சிறுமை.

அடிபட்டவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. கூடைப்பந்து ஆடிய ஒரு பெண்ணுக்கு முழங்கால் சவ்வு கிழிந்து அறுவை சிகிச்சை நடந்தது. இப்படிப்பட்டவர்கள் களத்துக்குத் திரும்ப ஒன்பது மாதம், ஒரு வருடம்கூட ஆகும். வலியைவிடக் கொடியது, தான் இல்லாமலே அணி ஆடுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது. ஊன்றுகோலோடு தினமும் மாலையில் வரச்சொல்லி ஸ்கோர் புத்தகத்தை அவள் கையில் கொடுத்தேன். கால் குணமாகிவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகும் குதித்து இறங்க அஞ்சினாள். கால் ஆறினால் போதாது, அந்தக் காலை நம்ப மனமும் ஆற வேண்டும். அதற்கும் பொறுமையாக நாள் ஒதுக்கினோம்.

பதக்கக் கனவு இல்லாமல் உடம்புக்காக மட்டும் நடப்பவர்களுக்கும் இது பொருந்தும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்த என் நண்பர், மருத்துவர் நடக்கச் சொன்ன பிறகும் வீட்டு வாசல்படியைத் தாண்டவில்லை. பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் தினமும் வந்து கூட்டிப்போனார், அவ்வளவுதான். இதற்கு நேர்மாறாக, ஒரு நாள் ஜிம்முக்குப் போகாவிட்டால் சோற்றைத் தள்ளி வைத்துத் தன்னையே தண்டித்துக்கொள்ளும் இளைஞர்களையும் பார்க்கிறேன். உடற்பயிற்சி உன்னை மிரட்டத் தொடங்கினால், அதையும் ஒருவரிடம் சொல்ல வேண்டும்.

பெற்றோர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். தோற்ற பிள்ளையை வண்டியில் ஏற்றிக்கொண்டு வரும் வழியெல்லாம் ஆட்டத்தை அலசாதீர்கள். அவனுக்குப் பசிக்கும், முதலில் சாப்பாடு வாங்கிக்கொடுங்கள். பேச வேண்டியதை மறுநாள் அவனே பேசுவான்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒன்று. தூக்கம் கெட்டு, பசி போய், பிடித்த விளையாட்டே வாரக்கணக்கில் வெறுத்துப்போனால் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள். அவர் சிரித்தால் வேறொருவரிடம் சொல்லுங்கள். யாருமே இல்லை என்று தோன்றும் இரவில் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். அரசின் மனநல உதவி எண் அது. கட்டணம் கிடையாது, நள்ளிரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.