படகு உறுமினால் போதுமா?

கலிபோர்னியாவில் ஏரிப் படகு வைத்திருக்கும் நண்பர், எஞ்சின் "சும்மா உறுமணும்" என்று, கம்பெனி எக்ஸாஸ்டைக் கழற்றிவிட்டு வேறு மாட்டப் போகிறாராம். மாட்டட்டும். ஆனால் இது பைக் சைலன்சர் சமாச்சாரம் இல்லை.

இந்த மாதிரிப் படகில் எஞ்சினைக் குளிர்வித்த தண்ணீரும் புகையும் ஒரே குழாயில்தான் வெளியேறும். சரிவு போதாவிட்டால் தண்ணீர் சிலிண்டருக்குள் திரும்பிவிடும், எஞ்சின் காலி. சத்தத்துக்கும் அங்கே சட்டம் உண்டு: கரையில் அளந்தால் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது.

எனக்குப் பயம் அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுதான். நிறமில்லை, வாசனையில்லை. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் பவல் ஏரியில், வீட்டுப்படகின் பின்பக்கம் நீந்திய சிறுவர்கள், அண்ணன் தம்பி இருவர், இதில்தான் இறந்தார்கள். (அது ஜெனரேட்டர் புகை, நஞ்சு ஒன்றுதான்.)

எஞ்சின் ஓடும்போது பின்மேடையில் பிள்ளைகளை உட்கார விடாதீர்கள்.