தோட்டியும் குதிமுள்ளும்

பாராடாங்கில் களப்பணியின்போது, முதிய யானைப்பாகர் ஒருவரிடம் ஏவற்சொற்களைத் திரட்டினேன். இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதை 2002இல் உச்ச நீதிமன்றம் கட்டுப்படுத்துவதற்கு முன்பு, மரம் இழுக்கும் யானைகளோடு வாழ்ந்தவர் அவர்.

என் குறிப்பேட்டின் முதற்சொல் ‘தோட்டி’. 24ஆம் குறளில் பயிலும் பழஞ்சொல். அவரோ அதைப் பெரிதாகக் கருதவில்லை. காதுக்குப் பின்னால் கால்விரலால் அழுத்துவதே பேச்சு. யானை திரும்பியதும் அழுத்தத்தை எடுத்துவிட வேண்டும் என்றார். அந்த விடுவிப்பிலிருந்தே விலங்கு பொருள்கொள்கிறது. “கால் சொல்றதே புரியாத குட்டிக்குத் தோட்டி எதுக்கும்மா? வலி மட்டுந்தான் புரியும்.”

குதிரையேற்றத்திலும் நெறி இதுவே. இளங்குதிரை முதலில் கெண்டைக்காலின் மெல்லிய அழுத்தத்துக்கு இசையக் கற்கிறது. குதிமுள் பின்னரே வரும். அதுவும் கால் அலையாமல் அமரத் தெரிந்தவருக்கே உரியது. ஓயாது குத்தினால் குதிரை மிரளும், அல்லது விலா மரத்துப்போகும்.

அன்று ஒரே சொல்லைப் பலவாறு திருப்பித் திருப்பிக் கேட்டேன். அவருடைய விடைகள் சுருங்கின, பின்பு மௌனமானார். இரவு ஒலிப்பதிவைக் கேட்டபோதே காரணம் விளங்கியது. அவர் பேச வாயெடுத்த இடங்களிலெல்லாம் நான் அடுத்த வினாவைத் தொடுத்திருந்தேன்.

மறுநாள் வினாப்பட்டியலின்றிச் சென்றேன். நெடுநேரம் கழித்து, தாம் பழக்கிய பெண்யானையைப் பற்றி அவராகவே பேசத் தொடங்கினார்.