தடுக்க அதிகாரம் இல்லாத பூங்கா

பூங்கா என்றதும் மனதில் வருவது ஒரு வேலி, ஒரு வாசல், வாசலில் சீட்டு கிழித்துக் கொடுக்கும் ஒருவர். காட்டுப் பூங்கா என்றால் கூடவே காக்கி உடையில் காவலர்கள். ஆனால் பிரான்சில் 50-க்கும் மேற்பட்ட பூங்காக்களில் இவை எதுவுமே கிடையாது. வேலி இல்லை, வாசல் இல்லை, சீட்டும் இல்லை. உள்ளே ஊர்கள் இருக்கின்றன. பள்ளிக்கூடம், ரொட்டிக் கடை, தொழிற்சாலை, கோதுமை வயல் எல்லாம் இருக்கின்றன. இவற்றுக்கு வட்டார இயற்கைப் பூங்கா என்று பெயர். இவற்றை நடத்துவது அரசின் வனத்துறை அல்ல, உள்ளூராட்சி மன்றங்கள். இதிலுள்ள வேடிக்கை என்னவென்றால், இந்தப் பூங்காவுக்கு யாரையும் தடுக்கும் அதிகாரமே கிடையாது!

அப்படியானால் அது எதைத்தான் காப்பாற்றும்? நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தேட வேண்டுமானால் இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பிரான்சில் 1960-ல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. ஆள் நடமாட்டம் குறைந்த மலைப்பகுதிகளை அரசே எடுத்துக் கடுமையான விதிகளோடு காப்பது அதன் நோக்கம். ஆனால் நாட்டின் அழகான நிலங்களில் பெரும்பகுதி அப்படி இல்லை. அங்கே நூற்றாண்டுகளாக மக்கள் மாடு மேய்த்து, வாய்க்கால் வெட்டி, மரம் கவாத்து செய்து வாழ்ந்திருக்கிறார்கள். அந்த நிலத்தின் அழகே அந்த உழைப்பால் வந்ததுதான். மக்களை வெளியேற்றினால் நிலமும் மாறிப்போகும். மக்களோ வேலை தேடித் தாங்களாகவே நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கிராமமும் பிழைக்க வேண்டும், இயற்கையும் பிழைக்க வேண்டும் என்ற யோசனையோடு 1966-ல் தெற்கே லூர்ஸ் என்ற ஊரில் அதிகாரிகளும் அறிஞர்களும் கூடிப் பேசினார்கள். 1967 மார்ச் 1-ல் வட்டார இயற்கைப் பூங்காக்களுக்கான ஆணை பிறந்தது. கையெழுத்திட்டவர் ஜனாதிபதி த கோல். அடுத்த ஆண்டே வடக்கில், பெல்ஜிய எல்லையோரம், முதல் பூங்கா வந்தது.

இனி நிர்வாகம். அங்கே உள்ளூராட்சியின் அடிப்படை அலகு கொம்யூன். (புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. அங்கே இன்றும் கொம்யூன் பஞ்சாயத்து என்றுதான் பெயர்.) பிரான்சில் சுமார் 35,000 கொம்யூன்கள் இருக்கின்றன. பல, சில நூறு பேர் மட்டுமே வசிக்கும் குட்டி ஊர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மேயர், ஒரு மன்றம். இவற்றுக்கு மேலே மாவட்டம் போன்ற தெபர்த்மான், அதற்கும் மேலே மாகாணம் போன்ற ரெழியோன்.

பூங்கா அமைக்கும் முயற்சியைத் தொடங்குவது ரெழியோன். பிறகு பல ஆண்டுகள் கூட்டம் மேல் கூட்டம். விவசாயிகள், வணிகர்கள், இயற்கை ஆர்வலர்கள், வேட்டைக்காரர்கள் எல்லோரும் பேசிப் பேசி ஓர் ஆவணம் தயாராகிறது. அதற்கு சாசனம் என்று பெயர். எந்த ஈரநிலம் ஈரமாகவே இருக்க வேண்டும், எங்கே வீடு கட்டலாம், எங்கே கூடாது, எந்தத் தொழிலை வளர்க்க வேண்டும் என்று அதில் வரைபடத்தோடு எழுதப்பட்டிருக்கும். பொதுமக்களின் கருத்தும் கேட்கப்படும். அதன்பின் ஒவ்வொரு கொம்யூன் மன்றமும் தனித்தனியே வாக்களிக்கும். ஏற்றுக்கொண்ட ஊர் பூங்காவுக்குள், மறுத்த ஊர் வெளியே. கட்டாயம் கிடையாது. அதனால் சில பூங்காக்களின் வரைபடத்தில் நடுவே ஓட்டை விழுந்திருப்பதைப் பார்க்கலாம். கடைசியில் பிரதமரின் ஆணை வழியாக அரசு அந்தப் பட்டத்தை வழங்கும். பட்டம் நிரந்தரமல்ல. முன்பு 10 ஆண்டு, பிறகு 12 ஆண்டு, 2016-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் 15 ஆண்டு. கெடு முடிந்தால் மறுபடி முதலிலிருந்து சாசனம், கூட்டம், வாக்கெடுப்பு.

அன்றாட நிர்வாகத்தைப் பார்ப்பது ஒரு கூட்டு அமைப்பு. ரெழியோன், தெபர்த்மான், கொம்யூன் மூன்றும் அதன் உறுப்பினர்கள். பணத்தில் பெரும்பங்கு ரெழியோனிடமிருந்து வரும். கொம்யூன்கள் தங்கள் மக்கள்தொகைக்கு ஏற்பச் சிறு தொகை கட்டும். தலைவர் தேர்தலில் வென்ற ஒருவர், பெரும்பாலும் அந்தப் பகுதியின் மேயரோ மன்ற உறுப்பினரோ. அவருக்குக் கீழே ஓர் இயக்குநர், தாவரம் தெரிந்தவர், நீர் தெரிந்தவர், கட்டடம் தெரிந்தவர் என்று ஒரு சிறு குழு.

சாசனத்துக்கு என்ன பலம்? இங்கேதான் நுணுக்கம். கொம்யூன் தன் நிலப் பயன்பாட்டுத் திட்டத்தைச் சாசனத்தோடு ஒத்துப்போகும்படி அமைக்க வேண்டும். அதாவது சாசனம் மன்றங்களைக் கட்டும். ஆனால் தனி மனிதரை அது கட்டாது. ஒரு விவசாயி தன் புல்வெளியை உழுதால், சாசனத்தைக் காட்டிப் பூங்கா அவரை நிறுத்த முடியாது. காட்டுப் பாதையில் மோட்டார் சைக்கிள் ஓடக் கூடாது என்று சாசனம் சொல்லலாம். ஆனால் உத்தரவு போட வேண்டியவர் அந்த ஊர் மேயர்தான். பூங்கா கருத்துச் சொல்லும், ஆலோசனை தரும், மானியம் வாங்கித் தரும், கெஞ்சும். அவ்வளவுதான்.

இந்த ஏற்பாட்டின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் தெரிய வேண்டுமென்றால் மரே புவாத்வேன் என்ற சதுப்பு நிலத்தைப் பார்க்க வேண்டும். பிரான்சின் மேற்குக் கரையில், லா ரோஷெல் நகருக்கு வடக்கே, சுமார் 1,00,000 ஹெக்டேர். கமார்குக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய ஈரநிலம். 13-ஆம் நூற்றாண்டிலேயே ஐந்து மடங்களின் துறவிகள் சேர்ந்து அங்கே கால்வாய் வெட்டினார்கள். பிறகு நான்காம் ஆன்ரி மன்னர் காலத்தில் ஹாலந்து நாட்டு வடிகால் முறைகள் வந்தன. இன்று அது இரண்டு வகை நிலம். கடல் பக்கம் கரை கட்டி நீர் வடித்த நிலம். உள்பக்கம் மழைக்காலத்தில் வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் நனைந்த நிலம். பாசி மூடிய வாய்க்கால்களில் நீண்ட கழியால் ஊன்றிச் செலுத்தும் தட்டைப் படகு, கரையோரம் தலை வெட்டி வளர்த்த ஆஷ் மரங்கள். பச்சை வெனிஸ் என்று சுற்றுலாப் பயணிகள் கொண்டாடுவது இந்தப் பகுதியைத்தான்.

1979-ல் இது வட்டார இயற்கைப் பூங்கா ஆயிற்று. ஆனால் அது சோதனையான காலம். ஐரோப்பிய வேளாண் கொள்கை தானியத்துக்கு நல்ல விலையை உறுதி செய்தது. வடிகால் அமைக்க உதவித்தொகையும் கிடைத்தது. மாடு மேய்க்கும் ஈரப் புல்வெளியை விட மக்காச்சோளமும் கோதுமையும் அதிக லாபம். நிலத்துக்கடியில் குழாய் பதித்து நீரை வடித்து, புல்வெளிகளை உழுதார்கள். சில பத்தாண்டுகளில் ஈரப் புல்வெளியில் பாதிக்கு மேல் போய்விட்டது. அங்கே இரைதேடவும் முட்டையிடவும் வந்த நீர்ப்பறவைகளுக்கு இடம் சுருங்கியது. இத்தனையும் நடந்தது ஒரு பூங்காவின் வரைபடத்துக்குள்!

பூங்கா என்ன செய்தது? ஊர்ப் பொது மேய்ச்சல் நிலங்களைக் காக்க முயன்றது, படகுத் துறைகளைப் பராமரித்தது, மக்களிடம் பேசியது. ஆனால் அதன் நிர்வாகக் குழுவில் இருந்தவர்களை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு சிற்றூர் மேயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் பூங்காக் கூட்டத்தில் ஈரநிலத்தைக் காப்போம் என்று கை தூக்குகிறார். மாலையில் வீடு திரும்பினால் பக்கத்து வீட்டுக்காரர் வடிகால் குழாய் இறக்கிக்கொண்டிருக்கிறார். அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்கு வங்கிக் கடன் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், வாக்கும் இருக்கிறது. மேயரே ஒரு விவசாயியாகவும் இருக்கலாம். இதில் யாரையும் வில்லன் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் புல்வெளி போனது போனதுதான்.

1990-களின் பிற்பகுதியில் பட்டம் பறிபோனது. ஒரு வட்டார இயற்கைப் பூங்கா தன் பெயரையே இழந்தது. அத்துடன் முடியவில்லை. 1999 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், இந்தச் சதுப்பு நிலத்தின் பறவைகளுக்குப் போதிய பாதுகாப்பு தரவில்லை என்று பிரான்சுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. உள்ளூரில் கேட்காத குரல் லக்சம்பர்க்கில் கேட்டது.

ஆச்சரியம் அதற்குப் பிறகுதான். பட்டம் போனபின் அந்தக் கூட்டு அமைப்பு கடையை மூடிவிட்டுப் போகவில்லை. வேறு பெயரில், அதே மன்றங்களின் பணத்தில், தொடர்ந்து வேலை செய்தது. உழுத நிலங்களில் ஒரு பகுதியை மறுபடி புல்வெளியாக்க ஐரோப்பிய மானியங்கள் பயன்பட்டன. 2010-ல் அரசும் ஒரு பாடம் கற்றுக்கொண்டதைக் காட்டியது. வாய்க்கால் நீர்மட்டத்தையும் பாசனத்துக்கு எடுக்கும் நீரையும் கவனிக்க, பூங்காவிலிருந்து தனியாக, அதிகாரம் உள்ள ஓர் அரசு அமைப்பைச் சட்டத்தின் மூலம் உருவாக்கியது. பூங்கா பேச்சுவார்த்தைக்கு, இது நீர்க் கணக்குக்கு என்று வேலை பிரிந்தது. கடைசியில் 2014 மே 20-ல் பட்டம் திரும்பி வந்தது. ஏறத்தாழ 17 ஆண்டுகள்! அந்த வாக்கெடுப்புகளில் கை தூக்கிய மேயர்களில் பலர் முதல் பூங்கா பிறந்தபோது சிறுவர்களாக இருந்திருப்பார்கள்.

எல்லாம் சுபம் என்று முடித்துவிடலாமா? முடியாது. சதுப்பு நிலத்துக்கு நீர் மேட்டுப்பகுதியிலிருந்து வருகிறது. அங்கே குளிர்காலத்தில் நிலத்தடி நீரை இறைத்து, கோடைப் பாசனத்துக்காகப் பிரம்மாண்டமான பிளாஸ்டிக் விரித்த தொட்டிகளில் சேமிக்கும் திட்டம் வந்தது. 2023 மார்ச்சில் சாந்த் சோலின் என்ற ஊரில் அதை எதிர்த்து நடந்த பேரணி பெரும் மோதலில் முடிந்தது. 2024 டிசம்பரில் போர்தோ மேல்முறையீட்டு நிர்வாக நீதிமன்றம், சாந்த் சோலின் உட்பட நான்கு தொட்டிகள் விஷயத்தில், பாதுகாக்கப்பட்ட ஒரு பறவையினத்தைக் கணக்கில் எடுக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. பூங்காவின் கோடு ஓரிடத்தில் நின்றுவிடுகிறது, தண்ணீர் அந்தக் கோட்டைப் பார்த்து ஓடுவதில்லை. கோட்டுக்கு வெளியே சாசனம் வெறும் காகிதம்.

ஆகவே உள்ளூராட்சி மன்றங்கள் இயற்கையைக் காக்குமா என்ற கேள்விக்கு ஆமாம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாது. இரண்டு விஷயங்கள் மட்டும் தெளிவு. முதலாவது, லாபம் ஒரு பக்கம் இழுக்கும்போது, சம்மதத்தை மட்டும் நம்பிய அமைப்பு தாக்குப்பிடிக்காது. மேலே ஒரு நீதிமன்றமோ, ஒரு சட்டமோ, பட்டத்தைப் பறிக்கும் ஒரு கையோ தேவைப்படுகிறது. இரண்டாவது, தீர்ப்பு மட்டும் புல்வெளியை வளர்க்காது. தீர்ப்பு வந்த மறுநாள் அந்த விவசாயியின் வீட்டுக்குப் போய், மானியப் படிவத்தை நிரப்பி, எந்த வயலில் மாடு மேய்க்கலாம் என்று உட்கார்ந்து பேச ஒருவர் வேண்டும். அந்த ஆள் தலைநகரத்திலிருந்து வர முடியாது.

வட்டாரப் பூங்கா என்பது அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்கும் ஏற்பாடு. அதிகாரம் இல்லாதவர்தான். ஆனால் பட்டம் இல்லாத அந்த 17 ஆண்டுகளிலும் அவர் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்ததால்தான் 2014-ல் வாக்களிக்க ஊர்கள் மறுபடி ஒன்றுகூடின.