சவுக்கும் வளைமூக்கனும்

மார்கழி ராத்திரி. படித்துக்கொண்டிருந்த பக்கத்தின் மேல் ஒரு பூச்சி வந்து உட்கார்ந்தது. எள் நீளம்தான் இருக்கும். பச்சை உடம்பு, தலையில் கருப்பு. சம்பா வயல் பக்கமிருந்து டியூப்லைட்டைத் தேடி வந்த ஆள். விவசாயப் புத்தகங்களில் இதற்கு மிரிட் நாவாய்ப்பூச்சி என்று பெயர். நாவாய் என்றால் கப்பல். அதிராம்பட்டினத்துக் கடற்கரையில் பிறந்தவனுக்கு அந்தப் பெயரை விட மனம் வருமா?

மிரிடே குடும்பத்தில் 11,000 இனங்களுக்கு மேல் இருக்கின்றன. பெரும்பாலானவை செடியின் சாறு உறிஞ்சுகிறவை என்பதால் குடும்பத்துக்கே 'செடிப்பூச்சி' என்று பெயர் வந்துவிட்டது. என் புத்தகத்தில் உட்கார்ந்திருந்ததோ, பயிரைக் கெடுக்கிற புகையான் பூச்சி நெல் தண்டுக்குள் ஒளித்து வைக்கிற முட்டையைத் தேடி, மூக்கைச் செருகிக் குடிக்கிற ஜாதி. 1885இல் இதற்கு லிவிடிபென்னிஸ் என்று பெயர் வைத்தவர் ஓடோ ராய்ட்டர். ஈயநிறச் சிறகன் என்று பொருள். முன்பெயர் சிர்ட்டோரைனஸ், அதாவது வளைமூக்கன். ராய்ட்டர் பின்லாந்துக்காரர், கவிஞரும்கூட. பூச்சியின் கால் நகங்களுக்கு நடுவே இருக்கிற மயிரையும் மெத்தையையும் பார்த்து இந்தக் குடும்பத்தைப் பிரித்து அடுக்கியவர். கடைசிக் காலத்தில் அவருக்குப் பார்வை போய்விட்டது. பூச்சியை மட்டும் விடவில்லை.

அவர் நாடு பைன் மரக் காடு. அங்கே கிளைக்கடியில் வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு தடியால் தட்டுவார்கள். விழுகிற பூச்சியோடு மரத்தின் பெயரையும் சீட்டில் எழுதி வைப்பார்கள். பைன் பூச்சிகளில் பல குறிப்பிட்ட மரத்தை விட்டு நகராது. மரம் தப்பானால் பாதி விலாசம் போச்சு.

எங்கள் ஊரில் அந்தத் துணியை எங்கே விரிப்பது? ஊசி இலை, குட்டிக் கூம்புக் காய் எல்லாம் வைத்துக்கொண்டு சவுக்கு நிற்கிறது. ஆனால் அது பைன் வகையறாவே இல்லை, பூக்கிற மரம். அதன் ஊசி இலையே இல்லை என்பதை நான் தெரிந்துகொண்டது ஒரு தோல்வியில்.

எனக்கு ஏழெட்டு வயது. கடற்கரைச் சவுக்குத் தோப்பில் காக்கா, அதாவது என் அண்ணன், ஒரு ஊசியை எடுத்து முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவார். 'டிக்' என்று மெல்லச் சத்தம் கேட்கும். கணுவில் இழுத்துக் கழற்றி, திரும்ப அதே கணுவில் செருகி, முன்னால் நீட்டுவார். "எந்தக் கணுவுல ஒடச்சேன், சொல்லு பாக்கலாம்." கண்ணருகே வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு கணுவிலும் ஆறேழு பல் கொண்ட குட்டிக் கிரீடம். எல்லாம் ஒரே மாதிரி. நான் சொன்ன கணு ஒருநாளும் கழன்றதில்லை. ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு கமர்கட் அபராதம். அந்தப் பற்கள்தான் சவுக்கின் உண்மையான இலை, பச்சை ஊசி முழுக்க வெறும் தண்டு என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்தபோது, பாடத்தைவிடக் கமர்கட்டுகள்தான் நினைவுக்கு வந்தன. இலையை மூட்டுவாய் என்று நினைத்து எத்தனை மணி நேரம் உற்றுப் பார்த்திருக்கிறேன்!

வளைமூக்கன் இரண்டு வரி நகர்ந்து ஒரு கமாவின் மேல் நின்றான். புகையானுக்கு அடிக்கிற மருந்தில் இவனும் சேர்ந்து சாவான். பிறகு கேட்க ஆளில்லாமல் புகையான் பெருகும். சொல்லி வைக்கலாம் என்று காக்காவுக்கு போன் போட்டேன்.

"புகையானா? நேத்தே அடிச்சாச்சுடா," என்றார்.