குழலைக் குறை சொல்லும் முன்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 15 அன்று துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம் தொடங்கும். அக்டோபர் பிறந்தாலே துப்பாக்கி பழுதுபார்க்கும் பட்டறைகளில் வேலை குவிந்துவிடும். சுப்பீரியர் ஏரிக்குத் தெற்கே, வீட்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கும் முதியவர் ஒருவரைத் தேடி அந்தச் சமயத்தில்தான் போனேன். கொலராடோவின் டிரினிடாட் நகரக் கல்லூரியில் தொழில் படித்தவர்; 1947 முதல் அங்கே இதைக் கற்பிக்கிறார்கள்.

பள்ளிப் பேருந்து ஓட்டும் பெண்மணி ஒருவர் தன் .30-06 ரைஃபிளோடு காத்திருந்தார். அரைத் தானியங்கி. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா வெடிக்கும். குழலிலிருந்து பிரியும் வாயுவின் அழுத்தம் காலிக் கூட்டை வெளியே தள்ளி அடுத்ததை ஏற்றிவிடும். 1955-இல் வந்த ரெமிங்டன் 740, 1967-இல் வந்த பிரௌனிங் பார் எல்லாம் இந்த முறைதான்.

“நூறு கஜத்துல ஆறு அங்குலம் சிதறுது. குழல் தேஞ்சு போச்சுங்கறாங்க” என்றார் அந்த அம்மா.

பெரியவர் பதில் சொல்லவில்லை. மேகசினைக் கழற்றி, போல்ட்டைப் பின்னிழுத்து, தோட்டா அறைக்குள் விரலை விட்டுத் தடவினார். காலி என்று விரலும் சொன்ன பிறகே துப்பாக்கி மேசைக்கு ஏறியது.

முதலில் ஸ்கோப். அதைத் தாங்கும் அடித்தகட்டின் முன்திருகாணி தளர்ந்திருந்தது. சுடும்போதெல்லாம் போல்ட் முன்னும் பின்னும் மோதி உலுக்குவதால் இந்த வகைத் துப்பாக்கியில் திருகாணிகளை அடிக்கடி பார்க்க வேண்டும் என்றார். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, அளவு காட்டும் திருப்புளியால் இறுக்கினார். அப்படியே சுட்டுப் பார்த்தோம். சிதறல் நான்கு அங்குலமானது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவது, மாற்றியதும் சுட்டுப் பார்ப்பது. இந்தப் பொறுமைதான் அவருடைய வித்தை என்று எனக்குப் பட்டது.

அடுத்து முன்கட்டை. போல்ட்டைக் கையால் இழுக்கும் ரைஃபிளில் குழல் எதன்மீதும் படாமல் நிற்கும்படி மரத்தைச் செதுக்கிவிடலாம். இதில் குழலுக்கு அடியிலேயே வாயு உருளை தொங்குகிறது. முன்கட்டை அதோடு சேர்ந்தே நிற்கும். ஒரு பக்கம் அழுத்தினால் குண்டு இறங்கும் இடம் மாறிவிடும். மெல்லிய தாளை இடையில் ஓட்டினார், இடப்பக்கம் சிக்கியது. அந்த இடத்தை மட்டும் தேய்த்தார். சுடும்போது முன்கட்டையின் நுனியை மணல்மூட்டையில் வைக்காதீர்கள், பின்பகுதியை வையுங்கள், எப்போதும் ஒரே இடத்தில் என்று அந்த அம்மாவிடம் சொன்னார்.

பிறகுதான் குழலின் வாய். குண்டு கடைசியாகத் தொட்டுப் பிரியும் விளிம்பு அது. அங்கே சிறு பிசிறு இருந்தாலும் வாயு ஒரு பக்கமாகப் பீறிட்டுக் குண்டைத் தள்ளிவிடும். பஞ்சை விளிம்பில் சுற்றினார். ஓரிடத்தில் நூல் பிடித்தது. இத்தகைய துப்பாக்கிகள் பலவற்றில் பின்பக்கம் மூடியிருப்பதால் சுத்தம் செய்யும் கம்பியை வாய்வழியாகத்தான் விட வேண்டும். ஆண்டுக்கணக்கில் கம்பி உரசி உரசித் தேய்ந்த விளிம்பு. கைக்கருவியால் ஒரு மயிரிழை சீவிப் புதுவிளிம்பு எடுத்தார். குழலுக்குள் படிந்திருந்த செம்பையும் கரைத்தெடுத்தார். துணித்துண்டுகள் நீலமாக வந்தன.

பிறகு மூன்று வகைத் தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்ததில் 165 கிரெயின் எடைக் குண்டு நன்றாகச் சேர்ந்தது. சிதறல் இரண்டு அங்குலத்துக்குள் வந்தது. பெரியவர் அதோடு விடவில்லை. குழலை முழுக்க ஆறவிட்டு ஒரே ஒரு குண்டு சுட்டார். காட்டில் மான்மீது பாய்வது சூடேறிய குழலின் ஐந்தாவது குண்டல்ல, குளிர்ந்த குழலின் முதல் குண்டு. வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் இருக்குமிடம் ஏறக்குறைய எட்டு அங்குல வட்டம். அதைத் தவறவிட்டால் அந்த உயிர் புதருக்குள் ஓடி, நெடுநேரம் வதைபட்டுச் சாகும். துல்லியத்துக்காக இவ்வளவு மெனக்கெடுவதன் நியாயம் எனக்கு அங்கேதான் முழுதாய் விளங்கியது.

“விசை கனமா இருக்கு, கொஞ்சம் இலகுவாக்கித் தர்றீங்களா?” என்று அந்த அம்மா கேட்டார்.

“நவம்பர் குளிர்ல, கையுறை போட்ட விரலுக்கா? அதுல நான் கை வைக்க மாட்டேன்” என்று மறுத்துவிட்டார். கூலியை வாங்கிக்கொண்டு, எந்தத் தோட்டா, திருகாணிக்கு எவ்வளவு இறுக்கம், முதல் குண்டு எங்கே இறங்கியது என்று அட்டையில் எழுதி உறைக்குள் வைத்தார்.