வானொலியில் வராத வாடை

வெனிஸ் நகரில் படகுப் பேருந்து ஏறி, 'ஜார்தினி' நிறுத்தத்தில் இறங்கினேன். மரநிழல், உப்புக் காற்று. உலகப் புகழ்பெற்ற வெனிஸ் கலைவிழா நடக்கும் பூங்கா அது. மையக் காட்சிக்கூடத்தின் முன் நின்றபோது என் நினைவெல்லாம் அதன் நிலவறையில்தான் இருந்தது.

1997 கோடையில், பெல்கிரேடில் பிறந்த மரினா அப்ரமோவிச் அங்கே மாட்டெலும்புக் குவியலின் மேல் வெள்ளை உடையில் அமர்ந்திருந்தார். எலும்புகளில் ஒட்டியிருந்த இரத்தத்தையும் சதையையும் நான்கு நாள்கள், தினமும் மணிக்கணக்காகத் தேய்த்துக் கழுவினார். சிறுவயதில் கேட்ட நாட்டுப்பாடல்களைப் பாடினார், அழுதார். யூகோஸ்லாவியா உடைந்தபோது மூண்ட போருக்கான துக்கம் அது. 1995இல் ஸ்ரெப்ரெனிட்சாவில் மட்டும் 8,000க்கும் அதிகமான போஸ்னிய முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டிருந்தனர்.

கோடை வெப்பத்தில் எலும்புகளில் புழு வைத்தது. நாற்றம் அறையை நிறைத்தது. 'பால்கன் பரோக்' என்ற அந்த நிகழ்த்துகலைக்கு விழாவின் தங்கச் சிங்க விருது கிடைத்தது.

பல்கலைக்கழகத்தில் ஊடகம் படித்தபோது இதைப் படத்தில்தான் பார்த்தேன். படத்தில் நாற்றமில்லை. கண்ணை மூடிக்கொள்ளலாம், வானொலியை அணைத்துவிடலாம். மூச்சை எவ்வளவு நேரம் அடக்க முடியும்?

அங்கே நின்றபோது தாத்தா நினைவுக்கு வந்தார்.

நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள், எங்கள் பக்கத்து வீட்டு மலாய்க்காரர்கள் முற்றத்தில் நெருப்பு மூட்டி லெமாங் சுடுவார்கள். மூங்கில் கருகும் வாசத்தில் எங்களுக்கு நாவூறும். தாத்தா மட்டும் சன்னல்களைச் சாத்திவிட்டு உள்ளறைக்குப் போய்விடுவார். லெமாங் பிடிக்காது போலும் என்று நினைத்தோம்.

அவர் இறந்த பிறகுதான் பாட்டி சொன்னார். தோட்டத்திலிருந்து சயாம் மரண ரயில் வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர் தாத்தா. முகாமில் காலரா பரவியபோது, மூங்கிலை அடுக்கிப் பிணங்களை எரிக்கும் வேலை அவருக்கு. கூடப் போன தோட்டத்து ஆட்களையும் அப்படித்தான் எரித்தாராம்.

எத்தனையோ பேரின் குரலை ஒலிப்பதிவு செய்திருக்கிறேன். தாத்தாவின் குரல் என்னிடம் இல்லை. "ஏன் தாத்தா சன்னலைச் சாத்துறீங்க?" என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

இப்போதும் பெருநாளுக்கு லெமாங் வரும், ஆசையாகச் சாப்பிடுவேன். ஆனால் மூங்கில் புகை வந்ததும், எழுந்து போய் ஒரு சன்னலையாவது சாத்திவிட்டு வருகிறேன்.