ஒருவர் வேண்டாமென்றாலும் நிற்கும் ஊர்!

தீபாவளிக்கு என்ன பட்சணம் செய்வது என்று உங்கள் வீட்டில் எப்படி முடிவு செய்கிறீர்கள்? மாமியார் மைசூர்பாகு என்பார். குழந்தைகள் ஜாங்கிரி கேட்பார்கள். வீட்டுக்காரரோ "எதுவானாலும் சரி" என்று சொல்லிவிட்டு, பண்ணி வைத்த பிறகு குறை சொல்வார். ஐந்தாறு பேர் உள்ள குடும்பத்திலேயே இந்தப் பாடு! ஓர் ஊர் முழுவதும் கூடி உட்கார்ந்து, ஒருவர் பாக்கியில்லாமல் "சரி" என்று சொல்லும் வரையில் எந்தப் பெரிய காரியத்தையும் தொடுவதில்லை என்றால் நம்புவீர்களா? வாருங்கள், போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.

சென்னையில் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள் மகாராஷ்டிரத்துச் சந்திரபூரில் இறங்கலாம். அங்கிருந்து பஸ்ஸில் கட்சிரோலி. பிறகு தானோரா சாலை. தேக்கும் இலுப்பையும் பீடி இலை மரமும் இரு பக்கமும் கூடவே வரும். அந்தச் சாலையில்தான் இருக்கிறது மேண்டா என்ற சிற்றூர். பக்கத்து ஊரின் பெயரையும் சேர்த்து மேண்டா-லேகா என்பார்கள். சுமார் நூறு குடும்பங்கள். எல்லோரும் கோண்டு இனத்தவர். பாஷை புரியாதே என்று பயப்படாதீர்கள். அவர்களுடைய கோண்டி மொழி நம் தமிழுக்கு உறவு. மூன்றை "மூந்து" என்றும் நான்கை "நாலுங்" என்றும் எண்ணுவதைக் கேட்டால், தூரத்துச் சித்தி வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்!

இவர்களுடைய செல்வம் மூங்கில். நிமிர்ந்து நிற்கும் கல்மூங்கில். மழைக்காலத்தில் புதரிலிருந்து குருத்து விடும். அந்த இளசுகளை வெட்டாமல், முற்றிய கழிகளை மட்டும் எடுத்து, கிழங்கைத் தோண்டாமல் விட்டுவைத்தால் புதர் பல்லாண்டு பலன் கொடுக்கும். ஆசைப்பட்டு மொட்டையடித்தால் போயிற்று. கறிவேப்பிலைச் செடி வைத்திருக்கும் உங்களுக்கு இதைச் சொல்லவா வேண்டும்?

ஆனால் காடு சர்க்காருடையது. மூங்கிலோ காகித ஆலைக்குக் குத்தகை. காட்டோரத்தில் குடியிருப்பவர்களுக்கு அதில் சொல் கிடையாது. 1980-களில் இந்தப் பக்கம் பெரிய அணைகள் கட்டும் திட்டம் வந்தது. காடு முழுகிவிடுமே என்று ஆதிவாசிகள் திரண்டு எதிர்த்தார்கள். அந்தக் கிளர்ச்சியில்தான் மேண்டாக்காரர்களுக்கு ஒரு யோசனை பிறந்தது. "தில்லியிலும் மும்பையிலும் எங்கள் சர்க்கார், எங்கள் ஊரில் நாங்களே சர்க்கார்" என்று முழங்கினார்கள்.

முழக்கம் சுலபம், நடத்துவதல்லவா கஷ்டம்? வோட்டெடுத்து, அறுபது பேர் ஒரு பக்கம், நாற்பது பேர் மறு பக்கம் என்று தீர்மானித்தால் என்ன ஆகும்? தோற்ற நாற்பது பேரில் ஒருவன் இரவில் கோடரியை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போவான். அவனைப் பிடிக்க எத்தனை காவலர் வேண்டும்! எல்லோரும் மனமொப்பி ஏற்ற கட்டுப்பாடு என்றால், ஊரே காவல். அதனால்தான் கிராம சபையில் ஒருமித்த முடிவு என்று வைத்துக்கொண்டார்கள். ஒருவர் தலையசைக்காவிட்டால் பேச்சு அடுத்த கூட்டத்துக்குப் போகும். நாளாகும்தான். ஆனால் ஒப்புக்கொண்ட பிறகு மனஸ்தாபம் இல்லை. விஷயம் விளங்காவிட்டால் படிப்பு வட்டம் கூட்டி, வெளியூர் நிபுணர்களையும் அழைத்துக் கேட்கிறார்கள். நிபுணர் யோசனை சொல்லலாம். முடிவு மட்டும் ஊருடையது.

சகோதரிகளே, இதைக் கவனியுங்கள். வீட்டுக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாவது சபைக்கு வரவேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. விறகுக்கும் கிழங்குக்கும் காட்டுக்குள் நடப்பவள் பெண்தானே? அவள் வாய் திறக்காத கூட்டத்தில் காட்டைப் பற்றி எப்படித் தீர்மானிப்பது? பழத்துக்காக மரத்தையே வெட்டக்கூடாது, காட்டுக்குத் தீ வைக்கக்கூடாது, வீட்டுத் தேவைக்கு மேல் எடுக்கக்கூடாது என்ற கட்டுப்பாடுகள் எல்லாம் இப்படி உட்கார்ந்து பேசி வந்தவை.

பொறுமைக்குப் பலனும் கிடைத்தது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி, 2009-ல் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டின் மீது ஊருக்குச் சமூக உரிமை வந்தது. அதன் பிறகும் ஒரு வேடிக்கை! மூங்கில் புல்லா, மரமா? தாவர சாஸ்திரத்தில் அது புல் இனம். வன அதிகாரிகளின் கணக்கிலோ அப்போது அது மரம். புதிய சட்டம் அதைச் சிறு வனப்பொருள் என்று சொன்ன பிறகும், வெட்டிய மூங்கிலை ஊர் எல்லை தாண்டிக் கொண்டுபோக அனுமதிச் சீட்டு கிடைக்கவில்லை. கடைசியில் 2011 ஏப்ரல் 27-ஆம் தேதி, அப்போது மத்திய சுற்றுச்சூழல் மந்திரியாக இருந்த ஜெயராம் ரமேஷ் நேரில் வந்து, அனுமதிச் சீட்டுப் புத்தகத்தைக் கிராம சபையின் கையிலேயே கொடுத்தார். தங்கள் காட்டு மூங்கிலைத் தாங்களே விற்கும் உரிமை மேண்டாவுக்கு வந்தது.

பணம் வந்தால் சண்டையும் வருமே என்கிறீர்களா? 2013-ல் அந்த ஊர்க்காரர்கள் தங்கள் சொந்த வயல்களின் உடைமையைக்கூடக் கிராமதானமாகக் கிராம சபையிடம் ஒப்படைக்கத் தீர்மானித்தார்கள். அதுவும் பேசிப் பேசி, எல்லோரும் ஒப்பித்தான்!

ஊருக்குத் திரும்பிவிட்டோம். இந்தத் தீபாவளிக்கு நீங்களும் ஒரு சபை கூட்டிப் பாருங்கள். "எதுவானாலும் சரி" என்பவரை மட்டும் விடாதீர்கள். அவர் வாயால் "சரி, ஜாங்கிரி" என்று வந்த பிறகே அடுப்பை மூட்டுங்கள்!